மரத்தின் மறுபக்கம்

ஒரு மாமரத்தில் செம்பி என்ற அணில் தன் குட்டியோடு இருந்தது. அந்தக் குட்டி யார் முகத்தையும் பார்க்காது, கூப்பிட்டாலும் திரும்பாது. எதிர்வீட்டு ஜன்னலில் தெரியும் டிவியை மட்டும் பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"டிவி பார்க்க விடறதைக் கொஞ்சம் குறைச்சுப் பாரு செம்பி, பாப்பா உன் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சிடும்" என்றது பக்கத்துக் கிளை மைனா.

மறுநாளிலிருந்து காலையில் மட்டும் பார்க்கவிட்டு, வெயில் ஏறியதும் குட்டியை மரத்தின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போனது செம்பி. குட்டி கதறியது, தன் கையையே கடித்துக்கொண்டது. தடுத்த செம்பியையும் கடித்தது. செம்பி விடவில்லை. ஒரு மாதம் கழித்து, நேரமானதும் குட்டி தானாகவே எழுந்து வந்தது.

செம்பி அதன் முகத்தருகே குனிந்தது. "கண்ணு, அம்மாவைப் பாரேன்" என்றது.

குட்டி பார்க்கவில்லை. கிளைமேல் அசையும் இலைநிழலையே பார்த்துக்கொண்டிருந்தது. செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அந்த நிழலைப் பார்க்கத் தொடங்கியது.