சத்தமாகக் குறட்டை விடவும்

காலை பதினோரு மணிக்கு அந்தத் தபால் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தது மின்விசிறி மட்டும்தான். நெட்டைத் தபால்காரர் தபால் பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நாலு பேர் சீட்டாடினார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார். நேராக நெட்டையரிடம் போய்க் குனிந்தார்.

"யோவ், இதெல்லாம் ஒரு குறட்டையா? வாசல் வரைக்கும் கேக்க வேணாமா? சத்தமா விடுய்யா!"

ஆமாம், இந்தத் தூக்கமே அவர் போட்ட உத்தரவுதான். கழிவறைக்குப் போனால் மூன்று நிமிஷத்தில் திரும்ப வேண்டும் என்று சுற்றறிக்கை விட்ட மகராசன் அவர். அன்றிலிருந்து ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரே 'மூணு நிமிஷம்'தான். அப்பேர்ப்பட்டவர் வேலை நேரத்தில் தூங்கச் சொல்கிறார் என்றால் சும்மாவா?

நிலையத்தைத் தனியாருக்கு விற்கலாமா என்று விசாரிக்க அரசாங்க அதிகாரி ஒருவர் காலையில் வருகிறார். அவர் கண்ணுக்கு எல்லாமே குப்பையாகத் தெரிய வேண்டும். வாங்கப்போகிற கம்பெனி முதலாளி மாலையில் வருகிறார். அவர் கண்ணுக்கு அதே குப்பை தங்கமாகத் தெரிய வேண்டும். இரண்டு பேரையுமே மேனேஜர் இதுவரை நேரில் பார்த்ததில்லை. விற்பனை முடிந்தால் புதுக் கம்பெனியில் 'மூணு நிமிஷ'த்துக்குப் பெரிய நாற்காலி காத்திருக்கிறது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெருதான். நடிக்க மாட்டேன் என்கிறவர்களுக்கு நாளைக்கே வெளியூர் மாற்றல் என்றும் சொல்லியாகிவிட்டது.

இதற்குச் சங்கமும் தலையாட்டிவிட்டதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. சங்கச் செயலாளர் முத்திரை அக்கா, கடிதங்களுக்கு முத்திரை குத்தியே தலை நரைத்தவர். போன மாதம் வாசலில் கோஷம் போட்டதற்காக, மேனேஜர் அவரை அந்த மேஜையிலிருந்து பிடுங்கித் தன் அறை வாசலில் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் 'எப்ப வர்றீங்க சார்' என்று குழைந்து நேரம் குறிக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை.

"என்னக்கா, நீயும் விலை போயிட்டியா?" வேன் டிரைவர் சீட்டை விசிறியடித்தார். "என் பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறா. நான் தெருவுக்கு வந்தா அவ படிப்பும் தெருவுக்கு வந்துடும். நம்மள நாமளே சோம்பேறின்னு காட்டிக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"இன்னைக்கு ஒரு நாள் அவர் சொல்றபடி ஆடுங்க. பேசாம சீட்டைப் பொறுக்கு தம்பி" என்றார் அக்கா.

கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார். "வணக்கம், நான்..."

"சொல்லவே வேணாம் சார், தெரியும்!" மேனேஜர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். "பாருங்க இந்தக் கண்ராவியை. எழுப்பினா சண்டைக்கு வருவானுங்க. வேனைத் தள்ளினாத்தான் நகரும். லாபம்ங்கிற வார்த்தையைக் காதால கேட்டே பல வருஷம் ஆச்சு சார்!"

வந்தவர் அண்ணாந்து கூரையில் படர்ந்திருந்த ஈரக் கறையைப் பார்த்தார். "இந்தக் கூரையை யாருங்க மாத்துறது?"

"அது வாங்குறவன் தலையெழுத்து! ஒரு இளிச்சவாயன் சிக்கியிருக்கான் சார், அவன் தலையில கட்டிடலாம். நீங்க மனசு வச்சாப் போதும்." மேனேஜர் சிரித்த சிரிப்பில் நெட்டையருக்குக் குறட்டையே மறந்துபோனது.

வந்தவர் முகம் இருண்டுவிட்டது. கொடுத்த தேநீரைத் தொடக்கூட இல்லை, விடுவிடுவென்று கிளம்பிவிட்டார்.

"ஆளு ஆடிப்போயிட்டாரு பார்த்தீங்களா! வித்துத் தொலைங்கன்னு எழுதிடுவாரு" என்று மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டார். டிரைவர் அக்காவை முறைத்தார். அக்கா காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் காட்சி மாறியது. பைகள் பறந்தன, முத்திரைகள் இடியாய் இடித்தன, வேன் குளித்து முடித்து வாசலில் நின்றது. கறைக்கு நேர் கீழே ஒரு பீரோவின் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கூரை வரைக்கும் மறைத்திருந்தார்கள். ஒல்லியான கண்ணாடிக்காரர் ஒருவர் வந்தார். அவரையும் மேனேஜர் வாயைத் திறக்க விடவில்லை.

"நஷ்டத்துல ஓடுதுன்னு கேள்விப்பட்டேனே?" என்று நடுவில் ஒருவழியாகக் கேட்டுவிட்டார் கண்ணாடிக்காரர்.

"எந்தப் பாவி சொன்னான்? வயித்தெரிச்சல் சார்! காசு கொட்டுது."

"ஆள் ஜாஸ்தின்னும் சொன்னாங்க..."

"ஒருத்தரை எடுத்தாலும் ஊர் நாறிப்போயிடும் சார். அத்தனை பேரும் சொக்கத் தங்கம்!" சொல்லிவிட்டு டிரைவரின் தோளில் கையை வேறு போட்டார். டிரைவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இத்தனை பேர் முன்னாடி சொல்றீங்க. அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா என் நாக்கு அழுகிடும் சார்!"

"ரொம்ப சந்தோஷம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் காலையிலயே வர்றதாத்தான் இருந்தது. போன்ல பேசின அம்மாதான், கம்பெனி முதலாளி காலையில வர்றாரு, நீங்க சாயங்காலம் வந்துடுங்கன்னாங்க."

மேனேஜர் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... நீங்க?"

"விக்கலாமா வேணாமான்னு விசாரிக்க வந்தவன் சார் நான்."