அடுப்போரம் ஒரு ஜோடி பூட்ஸ்

"ஐயையோ, என்ன நாத்தம்! உள்ள எலி ஏதாவது குடித்தனம் நடத்துதா, தம்பி?"

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் அய்ஜமால். வந்திருந்தவன் இல்கிஸ், அவள் மகன் மெதருடன் ரஷ்யாவில் கட்டட வேலை செய்பவன். தெருவில் வழி கேட்டு நின்றவனை, மகன் அனுப்பிய போட்டோவில் பார்த்த முகம் என்று அவள்தான் இழுத்து வந்திருந்தாள். வாசலில் கழற்றிய பூட்ஸைக் கொடுக்க மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேணாம்மா. ஊர்ப் பெரியவர் எசென்குல் வீடு எதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

"அவர் எங்க ஓடிப்போறாரு? முழங்கால் பனியில நடந்து வந்திருக்கே. சொட்டச் சொட்ட நனைஞ்ச பூட்ஸோட உன்னை அனுப்பினா என் மகன் என்னைச் சும்மா விடுவானா?"

பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சூடாகத் தேநீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? மகனிடமிருந்து ஒரு வாரமாகப் போன் இல்லை. அவனைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் விடுவாளா?

"அவன் வர்றானா இல்லையா? முதல்ல அதைச் சொல்லு."

"வர்றான்மா." இல்கிஸ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பின்னால வண்டியில. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாங்க."

"கள்ளப் பய! சொல்லாம வந்து நிக்கலாம்னு திட்டமா?" அவள் முகமெல்லாம் மலர்ந்தது. மாவுப் பாத்திரத்தை இழுத்தாள். "போர்சோக் பொரிக்கணும். கூடை நிறையப் பொரிச்சாலும் ஒருத்தனே தின்னு தீர்த்துடுவான்."

அப்போதுதான் அவன் கால் விரல்களைக் கவனித்தாள்.

"அடப்பாவி, விறைச்சுப்போய்க் கிடக்கே! என் வீட்டுக்காரர் பூட்ஸ் இருந்தா குடுத்திருப்பேன். நம்ம வழக்கம்தான் தெரியுமே, அவரைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார் பண்ணினவங்களுக்கே உடுப்பெல்லாம் போயிடுச்சு."

அவன் தலை இன்னும் குனிந்தது. "அம்மா, பூட்ஸை விட்டுடுங்க. தானா காஞ்சுடும்."

"தானா காயுமாம்! இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உங்க கால் ஊரைக் கூட்டுது. என் மகன் மட்டும் என்னவாம், அவன் பூட்ஸைக் கழட்டினா பக்கத்துல ஆடுகூட நிக்காது. கேட்டுக்கோ. அடுப்பை ஒட்டி வெச்சா தோல் வெடிச்சுடும், தள்ளி வைக்கணும். உள்ள பழைய பேப்பரைத் திணிக்கணும். அதுக்கு முன்னாடி அடியில போட்டிருக்கிற கம்பளியை உருவித் தனியாக் காயவைக்கணும். நாத்தமெல்லாம் அதுலதான் இருக்கு."

"வேணாம்மா!" என்று அவன் எழுந்தான். அதற்குள் விரலை விட்டு உருவிவிட்டாள்.

சாம்பல் நிறக் கம்பளி. ஓரத்தில் சிவப்பு நூல் தையல், குதிகால் பக்கம் மட்டும் இரட்டை மடிப்பு. மகனுக்குக் கால் ரொம்ப வியர்க்குமே என்று, சொந்த ஆட்டு உரோமத்தை அடித்து அவளே செய்து அனுப்பியது.

சிரிப்பு பாதியில் நின்றது.

"இது என் தையலாச்சே. அவனோட பூட்ஸா இது? இரவல் வாங்கிட்டு வந்தியா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இரவல்னு சொல்லேன்பா. ஒரு வார்த்தை சொல்லேன்."

"பெரியவங்களை வெச்சுக்கிட்டுதான் உங்ககிட்ட..." அதற்கு மேல் முடியாமல் இல்கிஸ் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

ஈரக் கம்பளியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெந்நீர்லதானே குளிப்பாட்டினே, தம்பி?"