கீழிருந்து முதல் வரிசை

எர்ணாவூரில் தாமோதரன் எல்.இ.டி. எழுத்துப் பலகைகளில் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். அதில் எத்தனை விளக்கு வரிசை, எது முதல் என்று பலகையை இயக்கும் கணினி நிரலின் மையமான கெர்னலுக்கு எழுதிச் சொன்னவள் மனைவி நீலா. மனுஷன் எப்போதும் கீழிருந்தே தொடங்குவான். அதனால் ‘வரிசை தலைகீழ்’ என்று அவள் ஒரு வரி கூடுதலாக எழுதுவாள்.

அவன் இறந்து நாற்பது நாள். நேற்று நீலாவே முதன்முறையாக, மேலிருந்து ஈயம் வைத்தாள். அந்த வரியை விட்டுவிட்டாள். இது சரியாக எரிந்தால்தான் அடுத்த வேலை வரும்.

காலையில் பலகை வாங்க வந்த உபைதுல்லா சிரித்தார். “இன்னாம்மா, எழுத்து தலகீயா நிக்கிது?”

கம்பிகளைப் பார்த்தாள். எல்லாம் மேலிருந்துதான். மனசு கேட்காமல் அந்த வரியைச் சேர்த்தாள். எழுத்து நிமிர்ந்தது.

“உன்னோட ஒரே பேஜாருய்யா,” என்றாள் மெதுவாக, இல்லாத புருஷனிடம்.

அவன் எப்போதும் தொடங்கும் கீழ் வரிசையில் விரல் வைத்தாள். நேற்றே இறுகியிருக்க வேண்டிய ஈயம், இப்போதுதான் யாரோ வைத்ததுபோல் இளகியிருந்தது; ஆனால் சுடவில்லை.