குரலுக்குக் கட்டுப்பட்ட குதிரை

“என் பொண்டாட்டிக்குக் காது சுத்தமா கேக்காது. எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லு!”

ஹார்லன் போட்ட சத்தத்தில் லாயக் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. பக்கத்தில் நின்ற அவர் மனைவி லூயெல்லா, வேலியைப் பிடித்தபடி தன்பாட்டுக்குக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் விற்க நிறுத்தியிருந்த அந்த வெள்ளை மூஞ்சிக் குதிரையும் அசையவில்லை. அது பிறவிச் செவிடு.

ரெய்னிங் போட்டிக்குப் பழக்கிய குதிரை. பாய்ந்து வந்து சறுக்கி நிற்பதிலும், நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றுவதிலும் ஓக்லஹோமாவில் அந்தப் பக்கம் அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் செவிடு என்று தெரிந்ததும் வந்தவர்களெல்லாம் நழுவிவிட்டார்கள். இன்றைக்கும் போகாவிட்டால் ஏலக் கொட்டகைதான். அங்கே கறிக்கு எடுப்பவன்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

ஹார்லன் ஏறினார். இவர் வாய்க்குப் பயந்தே கெட்டுப்போன நல்ல குதிரைகள் அந்த வட்டாரத்தில் பல உண்டு.

“சுத்துடா, சோம்பேறிப் பயலே!” என்று கத்திக்கொண்டே காலால் அழுத்தினார். கால் பட்டதும் குதிரை சுற்றியது. ஓடவிட்டு, நிற்கச் சொல்லி “ஹோ!” என்று தொண்டை கிழிய அலறிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகில் பாரம் அழுந்தியதும் மண் தெறிக்கச் சறுக்கி நின்றது.

“பாத்தியாய்யா? என் குரலுக்கு எப்படிக் கட்டுப்படுது!”

“உங்க குரலுக்குக் கட்டுப்படாம இருக்க முடியுமா, அண்ணே?” என்ற டெல்பர்ட், முகத்தைத் திருப்பி, “கழுதைகூட கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும்” என்று முணுமுணுத்தான். லூயெல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

கை குலுக்கி வியாபாரம் முடிந்தது. ஹார்லன் டிரெய்லரைக் கொண்டுவர ரோட்டுப் பக்கம் போனார்.

டெல்பர்ட்டின் மனைவி ட்வைலா ஓடி வந்தாள். “செவிடுன்னு சொல்லிடுங்க. நாளைக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிடுவாரு.”

“எப்படித் தெரியும்? அந்தாளு வாயை மூடினாத்தானே குதிரைக்குக் காது இருக்கான்னு யோசிப்பாரு!”

“மெதுவா! இந்தம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க.”

“நின்னா என்ன? ஒரு செவிடு இருக்கிற வீட்டுக்கு இன்னொரு செவிடு போகுது. நல்ல பொருத்தம்தான்.”

லூயெல்லா குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். டிரெய்லர் இன்னும் வரவில்லை.

“பயப்படாதீங்க தம்பி, நான் சொல்ல மாட்டேன்” என்றாள் தணிந்த குரலில். “இவன் ஒருத்தன்தான் எங்க வீட்டுல நிம்மதியா இருப்பான்.”

டெல்பர்ட் சட்டென்று தொப்பியைக் கழற்றினான். “அம்மா… உங்களுக்குக் காது…?”

“கல்யாணமான மறுவருஷமே செவிடாயிட்டேன் தம்பி, அவருக்கு மட்டும்.”