முகட்டுக்கு அந்தப் பக்கம்

தேவாலயக் கூரையின் ஒரு சரிவில் இன்னாசி ஓடு மாற்றுவான், மறு சரிவில் அவன் அண்ணன் சூசை. முகட்டைத் தாண்டிப் போகும் ஒரே கயிறு இருவர் இடுப்பிலும் கட்டியிருக்கும். வேலை தொடங்கும்போது ஒருவன் கயிற்றை இழுப்பான், மற்றவன் பதிலுக்கு இழுப்பான். ஏழு வருடமாக அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

“அண்ணன் அந்தப் பக்கம் விழுந்துட்டா?” என்று இன்னாசியிடம் கேட்டார் புதிதாக வந்த பெண் இன்ஜினியர்.

“நான் இந்தப் பக்கம் குதிச்சிருவேன் மேடம்.”

அவர் ஓட்டைத் தாங்கும் கைமரங்களைத் தட்டிப் பார்த்து, உளுத்துப்போகாத இரண்டில் ஆளுக்கொரு இரும்பு வளையத்தை முடுக்கி, இடுப்பில் மாட்டும் கொக்கியோடு தனித்தனிக் கயிறு கொடுத்தார்.

மறுநாள் இன்னாசி கயிற்றை இழுத்தான். வளையம் அசையவில்லை. முகட்டில் ஏறி எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் சூசை தன் கயிற்றை இழுத்துவிட்டுக் காத்திருந்தான். அந்தப் பக்கம் இறங்க, இன்னாசி இடுப்புக் கொக்கியைக் கழற்றினான்.