நெஞ்சில் கேட்ட சத்தம்

"மாத்திரையே போதும்யா, நீ ஏன்—"

"ஆயுசுக்கும் ரத்தம் இளக்குற மாத்திரை துன்னணும் கங்கா! நண்டுக்குக் கயிறு கட்டசொல்ல கையில கொடுக்கு பட்டது, இன்னும் ரத்தம் கசியுது பாரு. இப்புடியே ஏரிக்கு எப்புடிப் போறது?"

"அதுக்குன்னு தொடையில கம்பி வுட்டு நெஞ்சுக்குள்ள சுட்டுக்குவியா?"

"சுட்டா, போவப்போவ மாத்திரைய நிறுத்தலாமான்னு பாக்கலாம்னாரு இல்ல டாக்டரு?"

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி நடையில் துலுக்காணமும் அவன் மனைவி கங்கம்மாளும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுகிறார்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மாத்திரையா, கோளாறான இடத்தைக் கம்பியால் சுடுவதா என்று முடிவு செய்துகொண்டு உள்ளே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெளியே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டு போக, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அவன் திறந்த சட்டைமேல் வெயில் நடுங்குகிறது. ஈசிஜி எடுத்த பசை நரைத்த மார்பு மயிரில் ஒட்டியிருக்க, முந்தானையால் துடைக்கிறாள். விரலுக்கடியில் துடிப்பு இரண்டு முந்திக்கொண்டு ஓடுகிறது, ஒன்று தயங்கி நிற்கிறது. கல்யாணமான புதிதில், பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கையில், இதே மார்பில் காதை வைத்துப் படுப்பாள். படகின் விலாவில் தண்ணீர் தட்டுவதும் உள்ளே தட்டுவதும் ஒரே தாளமாய்க் கேட்கும், கேட்டபடியே தூங்கிப்போவாள். துடைத்து முடிந்த பிறகும் கை அங்கேயே இருக்கிறது.

"துலுக்காணம், உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிடுகிறாள். அவன் எழவில்லை.

"சுட்டா," என்கிறாள் கங்கம்மாள், "பழையபடி கேக்குமாய்யா?"