இங்கே ஓடியது

எச்சரிக்கை மணி மறுபடியும் அலறியது. கடலடியில் சிக்கிய ஆய்வுக்கலத்தில் காற்று குறைந்துகொண்டே வந்தது. உள்ளே இருந்தவன் பொறியாளர் ஜெபராஜின் தம்பி. கலத்தை மேலே கொண்டுவரும் நிரலை, வெளியுலகத்தோடு இணையத் தொடர்பே இல்லாத இந்த அறையில் கட்டி, கம்பிவழியே ஆழத்துக்கு அனுப்ப வேண்டும். கலத்தின் சிப் வேறு ரகம்; இந்த அறைக் கணினிக்கான நிரல் அதில் ஓடாது. எழுதிய நிரலை அந்த சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரோ ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

"சனியனே, உன் கால்ல விழட்டுமா?" என்று ஜெபராஜ் திரையைக் கும்பிட்டார். எந்தக் கம்பைலரைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் வரியை அவசரமாக மாற்றித் தட்டினார். இந்த முறை பிழையே வரவில்லை.

"ரூபவதி, வாம்மா! இங்கயே ஓட்டிப் பாத்துட்டேன், ஜம்முனு ஓடுது. அனுப்பியும் வச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆழத்தில், கலத்தின் பழைய நிரல் அழிந்து புதியது ஏறிக்கொண்டிருந்தது. உதவிப் பொறியாளர் ரூபவதி அவருடைய திரையைப் பார்த்தாள். அதில், சோதனை ஓட்டத்தில், கலத்தின் படம் அழகாக மேலெழுந்துகொண்டிருந்தது.

"அந்த சிப்புக்குக் கட்டினது நம்ம மெஷின்ல எப்படி சார் ஓடும்?"